கூரைக்கும் தடுப்புக்கும் நடுவில்

எங்கள் பழைய லயத்தை, பத்து வீட்டு வரிசையை, இடித்த அன்று நான் பார்க்கப் போயிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். அதற்குள் நாங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, நான் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இடிக்க வந்த ஆட்கள் முதலில் முன்பக்கச் சுவர்ப் பலகைகளை மட்டும் கழற்றிப் போட்டார்கள். கூரைத் தகரமும், வீடுகளைப் பிரிக்கும் தடுப்புகளும் அப்படியே நின்றன. கடைசி வீடு எங்களுடையது. அதன் பக்கத்தில் நின்று மேலே பார்த்தேன். பத்து வீடுகளின் தடுப்புகளுக்கும் மேலே, தகரத்துக்குக் கீழே, பெரிய குழாய் ஒன்றைப் படுக்கவைத்தது போல நீளமாக ஒரு வழி போயிற்று. அந்தக் கோடியில் வானம் தெரிந்தது.

உச்சி வெயில். பலகை சுமந்துகொண்டிருந்த ஒரு சீன ஆள் அந்த வழிக்கு நேர் கீழே போய் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். இங்கே வா, நல்ல காற்று என்று மலாயில் என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அங்கே குடியிருந்தபோது அந்தப் பத்து வீட்டு வழியை நான் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்காமலே அதை அடைத்தேன்.

அது பலகை லயம். இடுப்பளவு சிமெண்டுத் தூண்களின் மேல் நின்றது. கீழே கோழிகள் மேயும், மழை வந்தால் ஆடுகள் ஒதுங்கும். தரைப் பலகைகளுக்கு நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு விட்டிருந்தார்கள். சாப்பிடும்போது பருக்கை சிந்தினால் கீழே கோழி கொத்துகிற சத்தம் கேட்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மத்தியானம் வந்து வெறும் தரையில் படுத்தால் அந்த இடுக்குகளின் வழியாகக் கீழிருந்து குளிர்ச்சி ஏறி முதுகைத் தொடும்.

வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த தடுப்பு கூரைவரை போகாது. ஏழடி உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் முகடுவரை திறப்புதான். லயத்தின் இரண்டு கோடியிலும் பக்கச் சுவரின் உச்சியில் சாய்வாகச் சட்டங்கள் அடித்திருந்தார்கள். அதன் வழியே மழை வராது, காற்று வரும். தகரத்தில் ஏறுகிற சூடும் பத்து அடுப்புகளின் புகையும் மேலே போய், அந்த வழியில் ஓடி, ஏதாவது ஒரு கோடியில் வெளியேறிவிடும். இதையெல்லாம் நான் பிற்பாடு யோசித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்தது வேறு. பலகையை மிச்சம் பிடிக்கத்தான் துரை தடுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டான் என்று லயத்தில் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்தத் திறப்பில் பேச்சும் போகும். முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் நான்காம் வீட்டில் தும்முவார்கள். ஒரு வீட்டு ரேடியோவை நான்கு வீடு கேட்கும். பிள்ளை ஒப்பிக்கிற வாய்ப்பாட்டைப் பக்கத்து வீட்டிலிருந்து திருத்துவார்கள். பிறந்ததிலிருந்து அப்படி வளர்ந்தவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு மட்டும் அது பெரிய விஷயமாக இருந்தது. நான் நாலு பேர் நடுவில் வாயைத் திறக்காதவன். கடையில் சாமான் கேட்கக்கூட மற்றவர்கள் வாங்கிப் போகும்வரை காத்திருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி பாகான் டத்தோ பக்கம், தென்னந்தோட்டத்தில் பிறந்தவள். எங்களுக்குக் கடைசி வீட்டைக் கொடுத்தார்கள். கடைசி வீடு என்பதால் ஒரு பக்கத்தில்தான் அண்டை வீடு. ஆனால் அந்த ஒரு வீட்டில் இருந்த அக்கா பத்து வீட்டுக்குச் சமம். அவருக்கு நாற்பது வயது இருக்கும். என்னைப் போலவே பால் வெட்டுகிறவர். மனதில் ஒன்றும் இருக்காது, எல்லாம் வாயில்தான். அவர் கணவருக்கு ரப்பர்ப் பால் ஆலையில் வேலை. அவர் வீட்டில் குறைவாகப் பேசுவார், பேச இடம் கிடைக்காததால்.

என் மனைவிக்கு ஆறாம் மாதம். கால் வீங்கியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் நான் தைலம் தேய்த்து அமுக்கிவிட்டேன். மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதற்காக எல்லாரும் வாளியோடு நின்றுகொண்டிருந்தோம்.

"தம்பி!" என்று பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டார். "பொண்டாட்டிக்குக் கால் அமுக்கி விட்டியாம்லா? எனக்கும் ரெண்டு காலு இருக்கு. ரெண்டும் வலிக்குது. சாயந்தரம் வாரியா?"

"ஏய், சும்மா இரு. அந்தப் பையன் அழுதிருவான்" என்றார் அவர் கணவர்.

"இவனா அழுவான்? நமக்குத்தான் இவன் ஊமை. அங்க என்னா பேச்சுங்கிற! 'வலிக்குதாம்மா, வலிக்குதாம்மா'ன்னு. கேட்டுக்கிட்டே எனக்குத் தூக்கமே வந்திருச்சு."

கங்காணி உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். தமாஷ்தான். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு என் காது இரண்டும் எரிந்தன. மரத்தில் கத்தி ஆழமாகப் போய்ப் பட்டை காயப்பட்டு, அதற்கும் கங்காணியிடம் திட்டு வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டார் படம் பார்க்க ஈப்போவுக்குப் போயிருந்தார்கள். நான் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த உடைந்த பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். மேசைமேல் நாற்காலியைப் போட்டு ஏறி, தடுப்புக்கு மேலிருந்த திறப்பை முகடுவரைக்கும் அடித்து மூடினேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பேச்சு நுழைந்துவிடக் கூடாது என்று பழைய கோணிச் சாக்கைக் கிழித்துத் திணித்தேன். கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, "வேணாங்க, அக்கா கோவிச்சுக்குவாங்க" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்ததும் தடுப்பைத் தட்டி, "என்னா தம்பி, கோட்டை கட்டியாச்சா? ராணிக்குக் கால் அமுக்கணும்னா இனிமே வாசல்ல காவலுக்கு ஜாகா போட்டுக்க" என்று சிரித்தார். ஒரு வாரம் கழித்து வாசலுக்கு வந்தபோது சிரிப்பு இல்லை.

"தம்பி, வீடு ரொம்ப பானாஸா இருக்குலா. அடுப்புக்குள்ள குந்திக்கிட்டிருக்க மாரி இருக்கு. உங்க கோடியிலருந்துதான் எங்களுக்கு வாற காத்தே. ஒரு பலகையாச்சும் எடுத்து விடு."

நான் தலையை ஆட்டினேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எடுக்கவும் இல்லை. அவர் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்க வரவில்லை. அதன் பிறகு பைப்படியில் என் மனைவியைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

எங்கள் வீடும் மாறிவிட்டது. விடிகாலையில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். கொசுவலை ஈரமாக இருக்கும். மண்ணெண்ணெய் விளக்கு முன்போல நின்று எரியவில்லை, சிமினி சீக்கிரம் கறுத்துப் போயிற்று. கடைக்காரர் மண்ணெண்ணெயில் எதையோ கலக்கிறார் என்று நினைத்து வேறு கடைக்கு மாறினேன். அவரிடம் கேட்டுவிடுகிற தைரியம் ஏது?

புகைதான் பெரிய தொல்லை. நாங்கள் எரிப்பது பால்மர விறகு. முன்பு அடுப்புப் புகை எங்கே போகிறது என்று நாங்கள் கவனித்ததே இல்லை. இப்போது போக வழியில்லாமல் தலைக்கு மேல் தேங்கி நின்று கண்ணைக் கரித்தது. பிள்ளை பிறக்கப் போகிற வீடு. யோசித்து, ஈப்போவிலிருந்து கடலோரத்துப் பாக்காவ் மரக்கரி ஒரு மூட்டை வாங்கி வந்தேன். அது கெட்டியான கரி, மணிக்கணக்காகக் கனலும், புகையே வராது என்று விற்றவர் சொன்னார். வரவும் இல்லை. வீட்டில் கண்ணெரிச்சல் நின்றது. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தேன்.

அதே சந்தோஷத்தில் பூப்போட்ட லினோலியம் விரிப்பு ஒன்றும் வாங்கிவந்து தரை முழுக்க விரித்தேன். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, சுருக்கம் எங்கே இருக்கிறது என்று கைகாட்டிச் சொன்னாள். நான் முட்டி போட்டு நீவிவிட்டேன். கீழே கோழிகளுக்குப் பருக்கை விழுவது நின்றது.

பிரசவத்துக்கு அவளுடைய அக்காள் பாகான் டத்தோவிலிருந்து வந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். நான்கு பிள்ளை பெற்றவர், வேலையில் புயல். தரையைப் பார்த்து, "டவுன் வீடு மாரி இருக்கு தம்பி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் வந்த ஒரு வாரத்தில் தோட்டத்து மருத்துவச்சி வந்து பிரசவம் பார்த்தாள். பெண் பிள்ளை. நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

மழை மாதம் அது. பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்பதில் மதினி உறுதியாக இருந்தார். "காத்து பட்டா ஜன்னி கண்டுரும் தம்பி, விளையாட்டு இல்ல. மேல அந்தச் சட்டத்து வழியா சிலுசிலுன்னு வருது பாரு." நான் ஏணி வைத்து ஏறி, கோடிச் சுவரின் சட்டங்களை உரச் சாக்குகளால் மூடி ஆணி அடித்தேன். ஜன்னல் கதவின் இடுக்குகளில் மதினி பழைய கைலித் துணியைத் திணித்தார்.

கட்டிலுக்கு அடியில் கனல் சட்டி வைப்பது எங்கள் பழக்கம். பிள்ளை பெற்றவளின் இடுப்புக்குச் சூடு வேண்டும், பிள்ளைக்குச் சாம்பிராணி காட்ட வேண்டும். எங்கள் அம்மா எங்கள் ஐந்து பேரையும் அப்படித்தான் பெற்று எழுந்தார். அந்த லயத்தில் பத்து வீட்டிலும் அப்படித்தான். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தது. வழக்கம்போல நான் விடியுமுன் வெட்டுக்குப் போனேன். பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்த பாலெல்லாம் தண்ணீராகிவிட்டது. அன்றைய உழைப்பு போயிற்று என்று எல்லாரும் மழையைத் திட்டிக்கொண்டே திரும்பினோம். மழை இல்லையென்றால் நான் வீட்டுக்கு வர மத்தியானம் இரண்டு மணி ஆகியிருக்கும்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மதினி கால்மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று துணி அலசப் போனவர், மழையில் மாட்டிப் பைப்படிக் கொட்டகையில் ஒதுங்கியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து உள்ளே போனேன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. சாம்பிராணி வாசனை. புகை கொஞ்சமும் இல்லை. கட்டிலுக்கு அடியில் சட்டியில் கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது.

மனைவி படுத்திருந்தாள். ஈரத் தலைமுடியைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார்கள், காய்வதற்காக. பக்கத்தில் துணியில் சுற்றிய பிள்ளை. பிரசவத்துக்குப் பிறகு வெளுத்துக் கிடந்தவள் அன்று கன்னம் சிவந்து, உதடு சிவந்து, கல்யாணத்தன்று இருந்ததைவிட நன்றாக இருந்தாள். குளித்துவிட்டு அசந்து தூங்குகிறாள், உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தேன். நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவளை எழுப்பிவிடக் கூடாது என்று விரலை ஊன்றி நடந்து பின்பக்கம் போய், நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்து கொடியில் போட்டேன். அவள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சட்டையை உதறி, சுருக்கம் எடுத்து, நேராகக் காயப்போட்டேன். இதை எத்தனை வருடம் ஆனாலும் என்னால் விழுங்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது தலை கனத்தது. பசி என்று நினைத்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். அப்போது தகரத்தில் வியர்த்திருந்த தண்ணீர் ஒரு சொட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பிள்ளையின் மூடிய கண்ணின் மேல் விழுந்தது.

பிள்ளை அசையவில்லை.

இமை நெளியவில்லை. முகம் சுளிக்கவில்லை. சொட்டு கண்ணோரமாக வழிந்து காதுக்குள் போயிற்று. அப்போதும் அசையவில்லை. நான் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்தப் பக்கம் உலுக்கினேன், இந்தப் பக்கம் சாய்ந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது முட்டி மடங்கி லினோலியத்தில் விழுந்தேன். எப்படியோ கதவுவரை போய், வெளியே வந்து, பேசி மூன்று மாதம் ஆன பக்கத்து வீட்டு வாசலில் நின்றேன். அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையை நீட்டினேன்.

"ஐயோ கடவுளே!" என்று பாய்ந்து வந்து வாங்கினார். அவ்வளவுதான். மூன்று மாதக் கோபத்துக்கு அந்த இடத்தில் ஒரு நிமிடமும் இல்லை. பிள்ளையைக் கவிழ்த்து முதுகில் தட்டினார், வாயில் ஊதினார், மழைத் தண்ணீரை முகத்தில் அடித்தார். "ஏங்க! ஓடுங்க! பக்கத்து வீட்டுக்குப் போங்க!" என்று அவர் போட்ட சத்தம் மழையைத் தாண்டி லயம் முழுக்கக் கேட்டது.

அவர் கணவரும் நானும் உள்ளே ஓடினோம். இரண்டடி வைத்ததுமே அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா இது, குகை மாரி இருக்கு?" என்றார். இருவரும் போர்வையோடு அவளை இழுத்து வெளியே வராந்தாவில் கிடத்தினோம். எந்தக் காற்று அவள் மேல் படக் கூடாது என்று சாக்கும் துணியும் வைத்து அடைத்தோமோ, அந்தக் காற்று மழைச்சாரலோடு அவள் முகத்தில் அடித்தது. துணிவாளியோடு வந்த மதினி அதைப் பார்த்து வாளியைப் போட்டார். "பச்ச உடம்புலா! மழையில போட்டிருக்கீங்களே!" என்று அவளை உள்ளே தூக்கப் போனார். அக்காவின் கணவர் மதினியின் கையைத் தட்டிவிட்டார். பிறகு உள்ளே போய், வாளி தூக்கும் காண்டாக் கம்பால் என் பலகைகளை இடித்துத் தள்ளினார். ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் கேட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்தார். மனைவிக்கு நாடி இருக்கிறது என்றார். பிள்ளை அதற்குள் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் போட்டிருந்தது, ஒரே ஒரு முறை. தோட்டத்து வேனில் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுக மதினி தன் நெஞ்சில் அடித்துக்கொண்டே வந்தார். "நான் கொன்னுட்டேன். நான் கனல் வச்சுக் கொன்னுட்டேன். எங்கம்மாவுக்கு என்னா பதில் சொல்லுவேன்?" பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையை விடவே இல்லை. நான் வேனின் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கனல்தான் காரணம் என்று நானும் நினைத்தேன். மனதுக்குள் மதினியைக் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இருவருக்கும் மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். சாயங்காலம் பிள்ளை அழுதது. தாய் கண் திறக்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற வயதான டாக்டர் ஒருவர் வந்தார். கட்டிலைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

"அறைக்குள்ள கரி எரிச்சனீங்களோ?"

"நான்தாங்க டாக்டர் வச்சேன்" என்று மதினி கைகூப்பினார். "என்னையப் பிடிச்சுக் குடுங்க."

"எல்லா லயத்திலயும் வைக்கினம்தானே அம்மா. நான் இஞ்ச கனகாலம் இருக்கிறன். பாய் தீப்பத்தி எரிஞ்சு வந்திருக்கினம், காலைச் சுட்டுக்கொண்டு வந்திருக்கினம். லயத்தில இருந்து இப்பிடி மயங்கி ஒருத்தரும் வந்ததில்லை. அந்த வீடுகள் மேலால திறந்துதானே கிடக்கும்?" என் பக்கம் திரும்பினார். "உங்கட வீடு திறந்து கிடக்குதோ, இல்லையோ?"

அந்தக் கேள்வி எனக்குள் எங்கே போய் விழுந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பலகை, சாக்கு, லினோலியம், கடைசியில் புகையில்லாத கரி என்று ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்தது. ஒவ்வொன்றையும் நான்தான் வாங்கியிருந்தேன், இல்லையென்றால் நான்தான் அடித்திருந்தேன். விறகாக இருந்திருந்தால் புகையில் இருமியாவது எழுந்திருப்பாள். அந்த வழியையும் நான்தான் அடைத்திருந்தேன், அவள் கண் எரியக் கூடாது என்று.

"அடைச்சிட்டேன்" என்றேன்.

"என்ன? பலமாச் சொல்லும்."

"பலகை வச்சு அடைச்சிட்டேங்க. மேலயும் அடைச்சிட்டேன், சட்டத்தையும் அடைச்சிட்டேன். கீழயும் விரிப்புப் போட்டுட்டேன்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வார்டில் நான்கைந்து கட்டில்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் காணும் அடைச்சனீர்?"

பக்கத்து வீட்டு அக்காவின் கால்கள் என் கண்ணில் பட்டன. அவர் செருப்புப் போடாமல் வேனில் ஏறியிருந்தார். பாதத்தில் சேறு காய்ந்திருந்தது.

"நாங்க பேசுறது வெளிய கேக்குதுன்னு" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. கரி எரியும்போது ஒரு வாயு வரும், மணக்காது, கண்ணுக்குத் தெரியாது, அது வெளியே போக வழி வேண்டும், வழியில்லாவிட்டால் மூச்சில் ஏறிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். மதினி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அக்கா, "நான் பிரட்டுல சொன்னேனே, அதுக்கா தம்பி?" என்றார். அவர் பிள்ளையை மதினியிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலை மனைவி கண் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. பேர், ஊர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். நாங்கள் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். அப்போது மதினியைப் பார்த்து, "நீ எப்பக்கா வந்த?" என்றாள்.

மதினி சிரித்தார். "நான் வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. நல்லா கேக்குற கேள்வி."

அவள் சிரிக்கவில்லை. என்னிடம், "விரிப்பு போட்டு முடிச்சிட்டிங்களா?" என்றாள். பிறகு கை தன்னிச்சையாக வயிற்றுக்குப் போயிற்று. தடவினாள். மறுபடியும் தடவினாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள். அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளை வயிற்றிலேயே செத்து, எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். மதினி பிள்ளையை அவள் மடியில் வைத்து, "இந்தா இருக்கு பாரு, இந்தா இருக்கு உன் புள்ள" என்றார். அவள் பிள்ளையைத் தொடாமல் கையைத் தூக்கிக்கொண்டு, "யாரு புள்ளக்கா இது? யாரு புள்ளய எங்கிட்ட குடுக்குற?" என்றாள்.

சில பேருக்கு அந்த நாட்கள் திரும்பி வரும், சில பேருக்கு வராது என்றார் டாக்டர். இரண்டாம் நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். மார்பில் பால் இருக்கிறதே, அதனால் பிள்ளை என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் மதினியிடம் சொன்னதை நான் கேட்டேன். ஒரு கணக்கைப் போட்டு விடை கண்டவள் போலச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நாட்கள் திரும்பவில்லை. லினோலியம் விரித்த அன்றைக்கும் ஆஸ்பத்திரியில் கண் திறந்ததற்கும் நடுவில் அவளுக்கு ஒன்றுமே இல்லை. வலி வந்தது, பெற்றது, முதலில் பிள்ளையைப் பார்த்தது எதுவுமே இல்லை. மதினி ஊருக்குப் போவதற்கு முந்திய நாள் மத்தியானம், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் கேட்டாள்:

"ரொம்பக் கத்துனனாக்கா?"

"கத்துனியாவா! மருத்துவச்சி காதப் பொத்திக்கிட்டா. இவர நீ திட்டுன திட்டு இருக்கே!"

"என்னா சொல்லித் திட்டுனேன்?"

மதினி என்னைப் பார்த்தார். "அத அவருகிட்டயே கேளு. படியில குந்திக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தாரு."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். என்ன வார்த்தை சொல்லித் திட்டினாள், நடுவில் எப்போது சத்தம் அடங்கியது, அடங்கியபோது நான் படியிலிருந்து எழுந்து நின்றது, பிள்ளை அழுத சத்தம், மதினி கதவைத் திறந்து பொம்பளப் புள்ள என்று சொன்னது, உள்ளே போனபோது அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் பேசியது அதுவே முதல் தடவை. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என் முகத்தையும் பிள்ளையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ எங்கேயோ நடந்ததைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும், "அப்புறம்?" என்றாள்.